50 மைக்ரான் பித்தளையில் அதிரும் நாக்குகள்: மேசை மேல் நுண்பொறி செய்து பார்த்த பதிவு

4 மி.மீ. நீளப் பித்தளை நாக்கு ஒன்றின் நுனியில் பட்டுத் தெறித்த லேசர் ஒளி, சுவரில் விரல்நகம் அளவுத் திட்டாக இருந்தது. நாக்கை ஆட்டும் அதிர்வெண் 1,655 ஹெர்ட்ஸைத் தொட்டதும் அந்தத் திட்டு 7 செ.மீ. கோடாக நீண்டது. 1,620-இல் பழைய திட்டுதான், 1,690-இலும் அதே திட்டுதான். நாக்கின் தடிமன் 48 மைக்ரான், அகலம் 140 மைக்ரான். கணக்குப்படி அது 1,719-இல் அதிர வேண்டும். அந்த 64 ஹெர்ட்ஸ் எங்கே போனது என்பது பிடிபட்ட பிறகே இதை எழுத முடிந்தது. ஐந்து நாக்குகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. கூடவே செய்த வெப்ப இயக்கி (சூட்டில் நீண்டு முனையை நகர்த்தும் பொறி) முதல் முறை தவறான திசையில் நகர்ந்தது. இரண்டும் இங்கே வரிசையாக வருகின்றன.

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில் அசையும் பகுதிகளைச் செய்யும் நுண்பொறித் தொழிலின் அடிப்படை வேலைகள் நான்குதான். வரைந்ததை ஒளியால் பதிப்பது, வேண்டாததை அரித்து எடுப்பது, அசைய வேண்டிய பகுதியை விடுவிப்பது, கைக்கு வந்ததை அளப்பது. நான்கையும் லேத் பட்டறைகளில் புழங்கும் 0.05 மி.மீ. பித்தளை ஷிம்மில் (இடைவெளி நிரப்ப வைக்கும் மெல்லிய தகடு) பழகலாம். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த உருவம் தெரிந்ததே: ஒரு முனை பிடிக்கப்பட்டு, மறுமுனை துள்ளும் பித்தளை ரீடு. அதைச் சில மில்லிமீட்டருக்குச் சுருக்கி, அரத்துக்குப் பதிலாக ஒளியாலும் அரிப்புக் கரைசலாலும் வெட்டுகிறோம்.

சிலிக்கனில் ஏன் தொடங்கவில்லை? சிலிக்கன் மேலுள்ள ஆக்சைடை எடுக்க வழக்கமாகப் பயன்படுவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிரே போகலாம். வீட்டில் அதற்கு இடமில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷிம்மும் ஃபெரிக் குளோரைடில் அரியும் என்றாலும் கழிவில் குரோமியமும் நிக்கலும் சேரும். ஆகவே பித்தளை.

முதலில் ஒரு மைக்கைத் திறந்து பாருங்கள்

எதையும் செய்வதற்கு முன் உண்மையான நுண்பொறி ஒன்றைக் கண்ணால் பார்ப்பது நல்லது. பழுதான செல்போன் போர்டில் இருக்கும் உலோக மூடி போட்ட மைக்தான் இதற்கு எளிது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரிக் கடைத்தெருக்களில் பழைய போர்டுகள் எடைக்குக் கிடைக்கும். செல்போனின் அசைவை உணரும் முடுக்கமானிச் சில்லுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை, திறக்க அமிலம் வேண்டும். மைக்கின் மூடியோ பற்றாசால் ஒட்டியது. ஹாட் ஏரை 320 டிகிரியில் வைத்து அரை நிமிடம் காட்டி, சாமணத்தால் நேர் மேலே தூக்கினால் வந்துவிடும். சில மாடல்களில் மூடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அவற்றைப் பக்கவாட்டில் பிளேடு கொடுத்து நெம்ப வேண்டும்.

உள்ளே இரண்டு சில்லுகள் இருக்கும். ஒன்றின் மேல் பசைத்துளி அப்பியிருக்கும், அது மின்சுற்று. மற்றதன் நடுவில் தேன்கூடுபோல் துளைகள் நிறைந்த வட்டம் தெரியும். யுஎஸ்பி நுண்ணோக்கியே போதும். அந்தத் துளைத்தட்டும் அதையொட்டிச் சில மைக்ரான் இடைவெளியில் நிற்கும் மெல்லிய சவ்வும் சேர்ந்ததுதான் மைக். துளைகள் காற்று போய்வர மட்டுமல்ல; இடையில் தற்காலிகமாக இருந்த தியாகப் படலத்தை அரித்து எடுக்கக் கரைசல் உள்ளே போன வழியும் பல வடிவமைப்புகளில் அவைதான். தூசு தெரிகிறதே என்று ஊதிவிடாதீர்கள், சவ்வு கிழியும்.

வரைதல்

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரையலாம். சில்லு வரையும் மென்பொருளான கே-லேஅவுட் இலவசம், சிலிக்கன் கூடங்களில் புழங்கும் கோப்பு வகைகளையே கையாளும். ஆகவே அதில் பழகுவது மேல். ஒரு வடிவத்தின் எல்லா விளிம்பையும் 30 மைக்ரான் பெருக்கு என்று ஒரே கட்டளையில் சொல்ல முடிவது பின்னால் பெரிய உதவி.

வடிவம் ஒரு சீப்பு. 25 மி.மீ. அகல அடிப்பட்டையிலிருந்து 3, 4, 5, 6, 8 மி.மீ. நீளத்தில் ஐந்து நாக்குகள், ஒவ்வொன்றும் 200 மைக்ரான் அகலம். சுற்றிலும் காவல் சட்டம். அதை அடிப்பட்டையோடு இரண்டு இடத்தில் மட்டும் இணைத்து, கடைசியில் வெட்டிவிடலாம். அரிக்க வேண்டிய பகுதி முழுவதையும் 100 மைக்ரான் கோடாகவே வரைய வேண்டும். முதல் வரைபடத்தில் நாக்குகளுக்கு இடையே இருந்த வெளி முழுவதையும் கறுப்பாக நிரப்பியிருந்தேன். அகலமான இடத்தில் கரைசல் தாராளமாகப் புகும், ஒடுங்கிய சந்தில் தேங்கும். வெளி சீக்கிரம் அறுந்து, ஒடுங்கிய பக்கம் அறுவதற்குள் நாக்கின் ஒரு விளிம்பு கரைந்துவிட்டது. எல்லாக் கோடும் ஒரே அகலமாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அறுபடும். நடுவிலுள்ள வெற்றுத் துண்டு தானே விழுந்துவிடும்.

மாஸ்க்

மாஸ்க் என்பது வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியை விடும் ஃபிலிம். ஒளி ஊடுருவும் ஓஎச்பி தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்தது வீணானது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு புள்ளி 42 மைக்ரான். 100 மைக்ரான் கோடு சில இடத்தில் இரண்டு புள்ளியாக 85-ம், சில இடத்தில் மூன்றாக 127-ம் ஆகிவிடுகிறது. டோனரின் கறுப்பும் போதாது, கோட்டுக்குள் வெளிச்சம் கசிகிறது. இரண்டு தாளை ஒட்டி அடர்த்தியைக் கூட்டினால், பிரிண்டர் சூட்டில் இரண்டும் வெவ்வேறாகச் சுருங்கி ஒன்றன்மேல் ஒன்று அமரவில்லை.

சரியான வழி, அச்சகங்களுக்கு ஃபிலிம் எடுத்துத் தரும் இமேஜ்செட்டர். நேரடியாகத் தகட்டில் பதியும் சிடிபி வந்த பிறகு இந்தக் கடைகள் குறைந்துவிட்டன. ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்காக இன்னும் சில இயங்குகின்றன. அவர்களிடம் விசாரித்தால் முகவரி கிடைக்கும். 2,540 டிபிஐ என்றால் ஒரு புள்ளி சரியாக 10 மைக்ரான். எல்லா அளவையும் பத்தின் மடங்காகவே வரைந்தால் ஓரம் பிசிறடிக்காது. கடையில் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அளவை மாற்றக் கூடாது, ஸ்கிரீன் போடக் கூடாது (புள்ளிகளாகப் பிரிக்கக் கூடாது), எமல்ஷன் (கறுப்பு பதிந்த பூச்சு) எந்தப் பக்கம் வர வேண்டும். எமல்ஷன் தகட்டைத் தொடும் பக்கம் இருக்க வேண்டும். மறுபக்கம் இருந்தால் ஃபிலிமின் தடிமன் இடையில் நிற்கும், நிழல் விரியும். ஃபிலிமின் ஓரத்தில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 100 மி.மீ. கோடு ஒவ்வொன்று வரைந்து வைத்து, வாங்கும்போதே அளந்து பாருங்கள்.

தகட்டில் ஒட்டும் ஒளியுணர் படலமான டிரை ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம் நிற்கும், படாத இடம் கரையும். எனவே நாக்கும் சட்டமும் மாஸ்க்கில் வெறுமையாக, வெட்டுக்கோடுகள் மட்டும் கறுப்பாக இருக்கும். கறுப்பில் ஊசித்துளை இருந்தால் பெரிதாகப் பயமில்லை. அதனால் நிற்கும் சிறு திட்டு அடியில் அரிபட்டு விழுந்துவிடும். வெறுமையான இடத்தில் உட்காரும் தூசுதான் எதிரி. அது நாக்கில் துளை போடும்.

தடிமனைத் தராசில் அளப்பது

கடையில் 0.05 என்று சொன்ன ஷிம் உண்மையில் எவ்வளவு? சாதாரணத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 10 மைக்ரான், அது இங்கே உதவாது. 100 மி.மீ. சதுரத் துண்டை வெட்டி 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் வைத்தால் 4.08 கிராம். பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.5 கிராம் என்று கொண்டால் கனஅளவு 0.48 கன செ.மீ., அதாவது தடிமன் 48 மைக்ரான். 400 ரூபாய்த் தராசு தந்த இந்த எண்ணை நம்பித்தான் பிறகு வந்த கணக்கெல்லாம் நிற்கிறது.

சுத்தம் செய்வதும் படலம் ஒட்டுவதும்

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தால் 48 மைக்ரான் தகடு மடிந்துவிடுகிறது. ஒருமுறை விழுந்த மடிப்பு போகாது, அந்தக் கோட்டில் படலமும் ஒட்டாது. தேய்க்காமலே செய்யலாம். ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) துடைத்து, 10 சதவீத சிட்ரிக் அமிலத்தில் 5 நிமிடம் ஊறவைத்து, ஃபெரிக் குளோரைடில் 5 விநாடி முக்கி எடுத்து, உடனே அலசினால் பளபளப்பு மங்கி மேல்பரப்பு சொரசொரப்பாகும். தண்ணீர் திட்டுத்திட்டாக விலகாமல் தகடு முழுக்க ஒரே படலமாக நின்றால் சுத்தம் போதும்.

டிரை ஃபிலிமின் தடிமன் 38 மைக்ரான். அதன் இருபுறமும் காப்புத் தாள் இருக்கும். மென்மையான உள்பக்கத் தாளை மட்டும் உரிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய இரண்டு துண்டிலும் குமிழ். அடையாள அட்டைக்கு லேமினேஷன் போடும் இயந்திரத்தை 110 டிகிரியில் வைத்து, தகட்டை மடித்த வெள்ளைத் தாளுக்குள் வைத்து இரண்டு முறை ஓட்டினால் சீராக ஒட்டுகிறது. இந்த வேலையெல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். மஞ்சள் ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிய 5 வாட் பல்பு போதுமானது.

ஒளி

நகப்பூச்சு காயவைக்கும் யுவி பெட்டியில் வைத்தது அடுத்த தவறு. அதில் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வருகிறது, மாஸ்க்கின் கறுப்புக் கோட்டுக்கு அடியிலும் சாய்வாக நுழைகிறது. 100 மைக்ரான் கோடு 60, 70 மைக்ரானாகச் சுருங்கியது, சில இடத்தில் மூடியே போனது. 405 நானோமீட்டர் 10 வாட் எல்இடி ஒன்றை 30 செ.மீ. உயரத்தில் தனியாகத் தொங்கவிட்டதும் சரியானது. மூலம் சிறியது, தூரம் அதிகம். கதிர்கள் ஏறக்குறைய செங்குத்தாக விழும்.

நேரம் எவ்வளவு என்று பிறர் எண்ணைக் கேட்டுப் பயனில்லை. ஒரு துண்டைக் கறுப்பு அட்டையால் மூடி, படிப்படியாக நகர்த்தி, 20, 40, 60, 90, 120 விநாடி கொடுங்கள். இந்த அமைப்பில் 40 விநாடி போதவில்லை, கழுவும்போது படலம் உரிந்தது. 90-க்கு மேல் கோட்டின் அடியில் கசடு நின்றது. 60 சரியாக வந்தது. வெளிச்சம் கொடுத்த பின் 15 நிமிடம் சும்மா வைத்திருந்து, அப்புறம் மேல்தாளை உரிக்க வேண்டும்.

கழுவ, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடா, 30 டிகிரி. சமையல் சோடா வேறு பொருள், அது வேலைக்கு ஆகாது. மென்மையான தூரிகையால் தடவிக்கொண்டே இருந்தால் அரை நிமிடம் கடந்ததும் கோடுகள் திறக்கத் தொடங்கும். திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு இன்னொரு முறை கொடுத்து எடுத்துவிடலாம். சோடாக் கரைசலுக்கு ஆர்ஓ தண்ணீர், அலசுவதற்கு உப்புச் சப்புள்ள போர் தண்ணீர். இது வசதிக்காகச் சொல்வதல்ல. கடின நீரில் அலசினால் படலத்தின் ஓரம் இறுகிக் கூர்மையாக நிற்கும், டிரை ஃபிலிம் தயாரிப்பாளர்களே அப்படித்தான் பரிந்துரைக்கிறார்கள்.

அரிப்பு

அரை கிலோ ஃபெரிக் குளோரைடு கட்டியை 750 மி.லி. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நன்றாகச் சூடேறும், புகையும் வரும். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கரைசல் குடுவையை 40 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, மீன்தொட்டி பம்பால் காற்றுக் குமிழ் விட்டால் கரைசல் புரண்டுகொண்டே இருக்கும்.

முதலில் ஒருபக்க அரிப்பு. பின்பக்கம் முழுக்க ஒளி கொடுத்து மூடிவிட்டு, முன்பக்கத்தில் மட்டும் கோடு. 15 நிமிடத்தில் அறுந்தது. 200 மைக்ரானாக வரைந்த நாக்கு முன்பக்கம் 95, பின்பக்கம் 165. கீழ், பக்கம் என்ற பேதம் கரைசலுக்குக் கிடையாது. ஆழத்தில் 48 மைக்ரான் இறங்கும் நேரத்தில் படலத்துக்கு அடியில் பக்கவாட்டிலும் அதே அளவு தின்றுவிடுகிறது. சுவர் சாய்வாக நிற்பதால் நாக்கின் குறுக்குவெட்டு சரிவகமாகிவிட்டது.

இருபக்கமும் அரித்தால் ஒவ்வொரு பக்கமும் 24 மைக்ரான் இறங்கினாலே போதும், பக்கவாட்டு இழப்பும் பாதியாகும். அதற்கு இரண்டு மாஸ்க் நேருக்கு நேர் அமர வேண்டும். ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இரண்டு ஃபிலிம். மூலைகளில் கூட்டல் குறி. இரண்டையும் வெளிச்ச மேசையில் நுண்ணோக்கியின் கீழ் பொருத்தி, மூன்று ஓரத்தையும் ஒட்டி உறைபோல ஆக்கி, நான்காவது ஓரம் வழியாகத் தகட்டை நுழைக்க வேண்டும். ஒட்டும் ஓரத்தில் தகட்டின் தடிமனுக்கு ஈடாக அதே ஷிம்மின் கீற்று ஒன்றை வைக்காவிட்டால் உறையை மூடும்போது ஃபிலிம் நகர்ந்துவிடும். முதல் உறை 60 மைக்ரான் விலகியிருந்தது. அதில் வந்த நாக்குகளின் சுவர் படிக்கட்டுபோல இருந்தது. இரண்டாவதில் 15 மைக்ரானுக்குள் வந்தது.

7 நிமிடத்தில் ஒளி தெரியத் தொடங்கியது. சுவரின் நடுவில் நிற்கும் கூர்முகட்டைத் தேய்க்க இன்னும் ஒன்றரை நிமிடம். வந்த அகலம் 140. ஒரு பக்கத்துக்கு 30 மைக்ரான் இழப்பு, எந்த நாக்கை அளந்தாலும் இரண்டு மூன்று மைக்ரானுக்குள் அதே எண்.

இங்கே ஒன்றைக் கவனித்தால் ஏன் நாக்கிலிருந்து தொடங்குவது நல்லது என்று புரியும். நுனியில் 30 மைக்ரான் கரைகிறது. வேரில் வெட்டுக்கோட்டின் முனையும் 30 மைக்ரான் பின்வாங்குகிறது. ஆகவே நீளம் மாறுவதில்லை. அதிர்வெண் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது, அகலத்தைச் சார்ந்ததல்ல. பாதி அகலம் போனாலும் சுருதி கெடாத அமைப்பு இது. இதுவே பக்கவாட்டில் வளையும் சுருளாக இருந்தால் விறைப்பு அகலத்தின் மும்மடிப்படி; 200 வரைந்து 140 வந்தால் விறைப்பு மூன்றில் ஒன்றாக விழுந்திருக்கும்.

உரிப்பதும் உலர்த்துவதும்

அதிகம் நாக்குகள் நாசமானது அரிப்பில் இல்லை, இங்கேதான். 3 சதவீத காஸ்டிக் சோடா, 50 டிகிரி என்ற வழக்கமான செய்முறையில் படலம் வீங்கி ஏடுஏடாகக் கழன்றது. ஒருபக்கம் முந்திக்கொண்டால் மறுபக்கத்து வீக்கம் நாக்கை வளைத்துவிடுகிறது, 8 மி.மீ. நாக்குகள் எல்லாம் சுருண்டன. ஒன்றரை சதவீதமாக்கி, சூடாக்காமல், சீப்பை இரண்டு நைலான் வலைகளுக்கு இடையில் படுக்கவைத்து அரைமணி நேரம் விட்டதும் அமைதியாகக் கழன்றது.

அடுத்து உலர்த்தல். அலசிய சீப்பைக் கண்ணாடி மேல் வைத்துக் காயவிட்டேன். நாக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நின்ற தண்ணீர் நாக்கை ஒட்டவைத்துவிட்டது. சட்டத்தைத் தூக்கினால் நாக்கு 2 மி.மீ. வளைந்த பிறகே விட்டது, நிமிரவில்லை. 6 மி.மீ. நாக்கின் நுனியில் பத்தில் ஒரு கிராம் எடை அமர்ந்தாலே அரை மில்லிமீட்டர் வளையும். நீரின் பரப்பு இழுவிசைக்கு அது பெரிய வேலையில்லை. சிலிக்கன் நுண்பொறிகளில் ஒட்டிப்போதல் என்று தலைவலி தருவது இதே விசைதான். அங்கே திரவ கார்பன் டை ஆக்சைடை மாறுநிலைக்கு மேல் கொண்டுபோய், திரவப் பரப்பே உருவாகாமல் உலர்த்துகிறார்கள். நம் அளவுக்கு ஐபிஏவில் இரண்டு முறை முக்கி, அடிப்பட்டையைப் பிடித்து, நாக்குகள் கீழ்நோக்கித் தொங்கும்படி நிறுத்தினால் போதும். நுனியில் திரளும் துளியை வடிதாளின் ஓரத்தால் தொட்டு எடுக்கலாம்.

அதிரவைத்து அளப்பது

நாக்கின் அதிர்வெண்ணுக்கான சூத்திரம் பித்தளைக்குச் சுருக்கமாக இப்படி வரும்: 573-ஐத் தடிமன் மைக்ரானால் பெருக்கி, நீளம் மி.மீ.யின் வர்க்கத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸ். 48 மைக்ரானுக்கு 8 மி.மீ. நாக்கு 430, 6-க்கு 764, 5-க்கு 1,100, 4-க்கு 1,719, 3-க்கு 3,056.

நாக்குகளை ஆட்டுவது 27 மி.மீ. பீசோ பஸர் தட்டு (மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் வட்டு), விலை பத்து ரூபாய். லேப்டாப்பின் ஹெட்போன் வெளியீடு நேரடியாகப் போதவில்லை. இடையில் பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபையர், 5 வோல்ட்டில். அதன் வெளியீட்டுக் கம்பிகள் இரண்டில் எதையும் கிரவுண்டோடு சேர்க்கக் கூடாது. பீசோ ஒரு மின்தேக்கிபோல நடப்பதால் 47 ஓம் தடையைத் தொடராகப் போட வேண்டும்.

சீப்பை இருபக்க டேப்பால் பீசோவில் ஒட்டியபோது எந்த நாக்கும் கூர்மையாக எழவில்லை. டேப் மெத்தைபோல அதிர்வை விழுங்குகிறது. சூப்பர் குளூ வேரைத் தாண்டி வெட்டுக்கோடு வழியாக ஊர்ந்து நாக்கையே குட்டையாக்கியது. பலன் தந்தது இது: நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டிலிருந்து 5 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டி, அடிப்பட்டையை அவற்றின் நடுவே கெட்டியான அரால்டைட்டால் ஒட்டி, கண்ணாடியின் நேர் விளிம்பை நாக்குகளின் வேரோடு ஒட்டினாற்போல் நிறுத்தி, அப்படிச் சேர்ந்த அடுக்கைப் பீசோ மேல் ஒட்டுவது. பீசோவின் ஓர் ஓரத்தை மட்டும் வைஸில் பிடிக்க வேண்டும். முழுவதையும் இரும்பில் ஒட்டினால் அது வளைய முடியாது, வளையாவிட்டால் அதிர்வு ஒன்றுமே இருக்காது.

லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். பட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி நாக்கின் ஒளியை மூழ்கடிப்பதால், நடுவில் 20 செ.மீ. குவியதூரமுள்ள பூதக்கண்ணாடியை வைத்து நுனியில் குவிக்க வேண்டும். சுவர் ஒரு மீட்டர் தள்ளி.

முதல் நாள் 50 ஹெர்ட்ஸ் படியாகத் தாவி 300 முதல் 4,000 வரை ஓட்டியதில் சில நாக்குகள் தென்படவே இல்லை. காற்றில்கூட இந்த நாக்குகளின் ஒத்ததிர்வு முகடு பத்துப் பன்னிரண்டு ஹெர்ட்ஸ் அகலம்தான், 50-ல் தாவினால் நடுவில் விழுந்துவிடும். 2 ஹெர்ட்ஸ் படி, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி. அப்போது வந்தவை: 8 மி.மீ. 423, 6 மி.மீ. 745, 5 மி.மீ. 1,072, 4 மி.மீ. 1,655, 3 மி.மீ. 2,925.

எல்லாம் கணக்கைவிடக் குறைவு, குறைவின் சதவீதமோ வேறுவேறு. தடிமன் தவறு என்றால் எல்லாவற்றிலும் ஒரே சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 8-இல் 2 சதவீதத்துக்கும் கீழ், 3-இல் 4 சதவீதத்துக்கும் மேல். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் நீளத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் ஐந்து நாக்குகளும் வரைந்ததைவிட ஏறத்தாழ 70 மைக்ரான் நீண்டவைபோல நடந்துகொள்கின்றன. ஐந்துக்கும் பொதுவானது கண்ணாடி விளிம்பு ஒன்றே. நுண்ணோக்கியில் பார்த்தால் அது வேரிலிருந்து 40, 50 மைக்ரான் பின்னால் நின்றது. மிச்சம், வேரே கொஞ்சம் நெகிழ்வதால். கண்ணுக்கு நேராகத் தெரிந்த விளிம்பின் பிழையை ஐந்து அதிர்வெண்கள் சேர்ந்து காட்டிக்கொடுத்தன. ஒரே நாக்கை மட்டும் செய்திருந்தால் இது தெரிந்திருக்காது, தடிமன் மேல் பழி போட்டிருப்போம்.

வெப்ப இயக்கி

5 மி.மீ. கைகள் இரண்டு, 6 டிகிரி சாய்வில் கூரைபோலச் சந்திக்கும். மின்சாரம் பாய்ந்தால் கைகள் சூடாகி நீள, முனை முன்னால் தள்ளும். நூறு டிகிரிக்கு 5 மி.மீ. பித்தளை ஒன்பதரை மைக்ரான்தான் நீளும். சாய்வு அதைப் பல மடங்காக்கித் தரும்.

48 மைக்ரான் தகட்டில் 150 வரைந்து 90 மைக்ரான் அகலத்தில் கைகள் வந்தன. 1 ஆம்பியரில் முனை முன்னால் போகவில்லை, நுண்ணோக்கியில் மங்கிவிட்டது. குவியத்தை மாற்றிப் பார்த்தால் தகட்டை விட்டு மேலே எழுந்திருந்தது. கையின் அகலம் 90, தடிமன் 48. அழுத்தம் வந்ததும் மெலிந்த திசையில் வளைவதுதான் இயல்பு. பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் அகலம் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பக்கமும் ஆழமும் ஒரே வேகத்தில் தின்னும் கரைசலுக்கு அது எட்டும் எல்லை. சிலிக்கனில் ஒடுங்கிய, ஆழமான, செங்குத்துச் சுவர்களை வெட்டுவதற்காக 1990-களில் பாஷ் நிறுவனத்தில் ஃபிரான்ஸ் லேர்மரும் ஆந்த்ரேயா ஷில்ப்பும் உருவாக்கிய பிளாஸ்மா அரிப்பு ஏன் அவ்வளவு பெரிய மாற்றமானது என்பது இந்த ஒரு துண்டுத் தகட்டில் விளங்கியது.

கரைசலை விடாமல் எல்லையைத் தொட்டுப் பார்க்க 100 மைக்ரான் ஷிம். இருபக்க அரிப்பில் பக்கத்துக்கு 57 மைக்ரான் இழப்பு. 200 வரைந்து 85 வந்தது, இப்போது அகலம் தடிமனைவிடக் குறைவு. 2 ஆம்பியரில் முனை 60 மைக்ரான் முன்னால் நகர்ந்தது, மின்சாரத்தை நிறுத்தினால் திரும்பியது. கைகளின் மின்தடை 0.1 ஓமுக்கும் கீழ், பிடிப்புக் கிளிப்பின் தடையே அதைவிட அதிகம். எனவே வோல்ட்டைப் பார்த்து ஓட்டாமல் மின்னோட்ட வரம்பு வைக்கும் பவர் சப்ளையில் ஓட்ட வேண்டும். 3 ஆம்பியர் கொடுத்த துண்டு பழுத்து, திரும்பாத வளைவோடு நின்றுவிட்டது.

செலவும் அடுத்த முறையும்

லேமினேட்டர் 2,200, யுஎஸ்பி நுண்ணோக்கி 1,800, மூன்று முறை எடுத்த ஃபிலிம் 750, 0.05 ஷிம் 450, எல்இடியும் டிரைவரும் 450, தராசு 400, டிரை ஃபிலிம் 250, ஐபிஏ 200, ஃபெரிக் குளோரைடு 180, மீதிச் சில்லறை சேர்த்து 7,000 ரூபாய்க்குச் சற்று மேல். 100 மைக்ரான் ஷிம் தனியாக 500.

மூன்று ஃபிலிமில் ஒன்றையாவது தவிர்த்திருக்கலாம். முதல் ஃபிலிமில் வேண்டிய பொருளை வரையாமல், 60 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறும் கோடுகளும் நாக்குகளும் மட்டும் வரைந்து, அரித்து, அளந்து, தன் கரைசலின் இழப்பு எண்ணைக் கண்ட பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். அந்தச் சோதனைக் கோடுகள் இனி ஒவ்வொரு ஃபிலிமின் மூலையிலும் இருக்கும். கண்ணாடி விளிம்பைக் கண்ணால் நிறுத்துவதற்குப் பதில் அடிப்பட்டையிலேயே இரண்டு துளை அரித்து, 1 மி.மீ. ஊசியில் கோர்த்து நிறுத்தப் போகிறேன். சிலிக்கனுக்குப் போக விரும்பும் ஆராய்ச்சி மாணவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐஐடியும் வெளியாருக்குத் தூசில்லாத் தூய அறையைத் திறந்துவிடும் ஐஎன்யுபி (இந்திய நானோமின்னணுப் பயனர்) திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் இப்படி அளந்த எண்கள் இருந்தால் பேச்சு எளிதாகும்.

பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செம்பு நீர்நிலை உயிர்களுக்கு நஞ்சு. பெரிய வாளியில் வைத்துச் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நுரை பொங்கும். லிட்மஸ் நடுநிலை காட்டியதும் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் பழுப்புச் சேற்றைத் துணியில் வடித்து உலர்த்தி, மூடிபோட்ட டப்பாவில் பெயர் எழுதி வைத்து, கழிவு அகற்ற ஏற்பாடுள்ள பிசிபி (மின்சுற்றுப் பலகை) பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம். ஒரு லிட்டர் கரைசலில் இதுவரை பதினோரு சீப்புகள் அரித்தாயிற்று. ஏழாவதுக்குப் பிறகு நேரம் எட்டரையிலிருந்து பதினொன்றரை நிமிடமாகிவிட்டது, இழப்பும் 30-லிருந்து 36-க்கு ஏறியது. இனி ஐந்துக்கு ஒருமுறை புதிய கரைசல்.